சின்னையன் மைலில் ஒரு மேடு

சாலை சர்க்காருடையது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சின்னையனுக்கு மட்டும் அதில் உடன்பாடு கிடையாது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் ரோட்டில், புங்கம்பாக்கத்து ஏரிக்கரைக்கு முன்னால் ஒரு மைல்கல் நிற்கும். அங்கே தொடங்கி அடுத்த கல் வரைக்கும் அவன் பராமரிப்பு. நெடுஞ்சாலை இலாகாவில் அவன் ரோட்டுக் கூலி. பள்ளம் விழுந்தால் ஜல்லி போட்டு அடைப்பது, மழையில் ஓரத்து மண் கரைந்தால் அணைப்பது, புளிய மரங்களுக்குச் சுண்ணாம்புப் பட்டை அடிப்பது எல்லாம் அவன் வேலை. "என் மைலு" என்றுதான் வாய் நிறையச் சொல்வான். அடுத்த மைலைப் பற்றிப் பேச்சு வந்தால், பங்காளி வீட்டுக் குழம்பைப் பற்றிக் கேட்டவன் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொள்வான்.

ஆள் ஒல்லி, நெட்டை. காலையில் கஞ்சி குடித்ததும் ஒரு தரம், பொழுது சாயும்போது ஒரு தரம் தன் மைலை வெறுங்காலோடு நடந்து பார்ப்பான். செருப்புப் போட்டால் ரோட்டின் நோவு தெரியாது என்பது அவன் கட்சி. நடுரோட்டில் ஒரு வைக்கோல் துரும்பு கிடந்தால்கூடக் குனிந்து எடுத்து வேலிப்பக்கம் போட்டுவிட்டுத்தான் மேலே நடப்பான். இதைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். தன் வேலையை இத்தனை ஆசையாகச் செய்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சிரித்தவர்களைக் கேட்டால் பதில் வராது.

அவனுக்கு ஒரே ஒரு குறை. வெள்ளைக்காரன் கப்பலேறிய வருஷம் வேலைக்குச் சேர்ந்தவன், அன்று முதல் டெம்பரரியாகவே இருந்தான். எந்த நாளும் 'நாளை முதல் வராதே' என்று ஒரு வார்த்தையில் நிறுத்திவிடலாம். 'பர்மனென்ட்' என்ற சொல்லை அவன் உச்சரிக்கிற அழகைக் கேட்க வேண்டும். வாயில் வெல்லக்கட்டியைப் போட்டு ஒதுக்கிக்கொண்டது போல இருக்கும். காக்கிச் சட்டை, கிழவனான பிறகு பென்ஷன், யாரும் பிடுங்க முடியாதபடி அந்த மைல். இவ்வளவுதான் அவன் உலகத்தில் ஆசைப்பட்டது.

அவன் பெண்டாட்டி வேண்டா. வேடந்தாங்கல் பக்கத்துப் பெண். வரிசையாகப் பெண்ணாகவே பிறந்ததில் அலுத்துப்போன தகப்பன், இனிமேல் பெண்ணே வேண்டாம் என்று சாமியிடம் சொல்லி வைத்த பெயர். பெயரை வைத்து ஆளை எடைபோட்டுவிடாதீர்கள். நினைத்ததை முடிக்காமல் அவள் விட்டதாகச் சரித்திரம் கிடையாது. கோபம் மூக்கின் மேல் இருக்கும்; சிரிப்பும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். புருஷன் மேல் உயிர். ஆனால் அவனுடைய ரோட்டைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. "கல்லும் மண்ணும். அதுல இன்னா பெருமை வேண்டிக் கீது?" என்பாள்.

ஐம்பத்து நாலில் அந்த ரோட்டுக்குத் தார் போட்டார்கள். ரோட்டு இஞ்சின் புகை விட்டுக்கொண்டு முன்னும் பின்னும் உருண்டது. சின்னையன் அதன் பின்னாலேயே, பெண்ணுக்குக் கல்யாணம் நடத்துகிற தகப்பன் போல ஓடினான். எல்லாம் முடிந்து மேஸ்திரியும் ஆட்களும் போன பிறகு, அவன் மட்டும் திம்சுக் கட்டையால் ஓரங்களைக் குத்திக் குத்திக் கெட்டிப்படுத்தினான். கறுகறுவென்று ரோடு பளபளத்தது. அங்கேதான் வம்பு பிறந்தது.

அதுவரை செங்கல்பட்டு பஸ் ஊருக்குள் நொண்டிக்கொண்டு வரும். ஜல்லியில் தடதடவென்று ஆடி, ஏரிக்கரைத் திருப்பத்தில் பெருமூச்சு விட்டு, மாட்டு வண்டிக்கு வழிவிட்டுப் போகும். தார் போட்டதும் அதற்கு இறக்கை முளைத்துவிட்டது. பட்டணத்து ஜனங்கள் பஸ் நிறைய உட்கார்ந்து, "கழுகு வந்துடும், கழுகு வந்துடும்" என்று டிரைவரை முடுக்குவார்கள். திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலுக்குக் கழுகுகள் உச்சி வேளையில் வந்து, வைத்த பொங்கலைத் தின்றுவிட்டுத் தம் வழியே போய்விடும். பஸ் லேட் என்று அவற்றிடம் சொல்ல முடியுமா? அதற்குள் மலையேறிவிட வேண்டும். அந்தப் பச்சை பஸ்ஸின் டிரைவர் மாசிலாமணி நல்ல மனுஷன்தான். தன் பஸ்ஸில் ஏறிய ஒருத்தரும் கழுகைத் தவறவிட்டதில்லை என்பது அவனுடைய பெருமை. சின்னையனுக்கு மைல் எப்படியோ, அவனுக்குக் கழுகு அப்படி.

தை மாதத்தில் ஒரு நாள் காலை வேண்டா எதிர்ச் சாரியில் இருக்கும் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். இடுப்பில் பித்தளைக் குடம், தாய்வீட்டுச் சீதனம். பின்னால் அண்டை வீட்டு வசந்தா, நிறைமாதக் கர்ப்பிணி, மெதுவாக நடந்து வந்தாள். திருப்பத்தில் ஹாரன் அலறியது. வேண்டா குடத்தைப் போட்டுவிட்டு ஓரத்துப் பள்ளத்தில் குதித்துவிட்டாள். வசந்தாவால் குதிக்க முடியவில்லை. வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பஸ் அவளை ஒரு முழ இடைவெளியில் தாண்டிப் போயிற்று. சேற்றோடு பள்ளத்திலிருந்து ஏறி வந்த வேண்டா முதலில் வசந்தாவை உட்கார வைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அப்புறம்தான் குடத்தைப் பார்த்தாள். முறம் மாதிரி தட்டையாகக் கிடந்தது. பஸ் போன திசையைப் பார்த்து அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மத்தியானம் சின்னையன் சாப்பிட வந்தபோது சோற்றோடு சேர்த்து அதுவும் பரிமாறப்பட்டது.

"எல்லாம் உன்னாலதான்யா. ரோடு கரடுமுரடா கெடந்தப்போ பஸ்ஸு பையப் பைய வந்துகினு இருந்திச்சி. நீ தேய்ச்சி தேய்ச்சி கண்ணாடி மாதிரி பண்ணி வெச்சிட்ட. பறக்கறான். அந்தப் புள்ளத்தாச்சி பொண்ணுக்கு எதுனா ஆயிருந்தா?"

"நான் இன்னா மே பண்ணுவேன்? ரோடுன்னா சமமாத்தானே இருக்கணும்?"

"சமமா இருக்கட்டும். நம்ம வூட்டாண்ட மட்டும் ஒரு மேடு இருக்கட்டும்."

சின்னையன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். அவள் சொன்னது நிஜம் என்பதுதான் அதில் கஷ்டம். வசந்தாவை நினைத்தால் அவனுக்கும் நெஞ்சு பதறியது. ஆனால் ரோட்டின் நடுவே மேடு! சமையல்காரனிடம் போய்ச் சோற்றில் ஒரு பிடி மணல் போடு என்பது போல இருந்தது.

விஷயம் அருணகிரியின் டீக்கடைக்குப் போயிற்று. அந்த ஊரில் பஞ்சாயத்து, கச்சேரி எல்லாம் அதுதான். ரோட்டில் மண் மேடு போட்டால்தான் பஸ் அடங்கும் என்று வேண்டா சொன்னதை எல்லோரும் ஒரே குரலில் ஒத்துக்கொண்டார்கள். எங்கே போடுவது என்று கேட்டதும்தான் ஊருக்கு எத்தனை வாய் என்று தெரிந்தது.

"நம்ம கடைக்கு எதுர்லயே போடுங்க" என்றான் அருணகிரி, உதாரத்தோடு. "பஸ்ஸு நின்னா மாதிரி போவும். எறங்கி ஒரு டீ குடிச்சிட்டுப் போவட்டும், பாவம்."

"அடப் போடா. என் வைக்கோலு வண்டி இன்னாத்துக்கு ஆவறது?" என்று எழுந்தார் அப்பாசாமி. ஊரில் நிலபுலம் உள்ள பெரியவர். "பாரம் ஏத்திகினு வரும்போது மேட்டுல ஏறிச்சின்னா உன் கடை மேலயே சாயும். அப்பறம் நீ டீ ஆத்த மாட்ட, வைக்கோலு ஆத்துவ." இது அவர் வெளியே சொன்ன காரணம். அவருக்கு மூல வியாதி உண்டு. வாரம் தவறாமல் பஸ்ஸில் செங்கல்பட்டு வைத்தியரிடம் போகிறவர். மேட்டை நினைத்தபோதே அவர் முகம் கோணியதை எல்லோரும் பார்த்தார்கள்.

குயவர் தெருக் கருப்பனுக்குப் பானை வண்டிக் கவலை. "மேட்டுல ஒரு குலுக்கு. பானை பூரா ஓடு. தெருமுனைல மட்டும் வோணாம்பா, கும்பிட்டுக்கறேன்."

வசந்தாவின் மாமியார் இன்னொரு பக்கம் இழுத்தாள். வலி எடுத்து மருமகளை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது மேட்டில் ஏறினால் பிள்ளை அங்கேயே பிறந்துவிடுமே என்றாள். "பொறந்தா நல்லதுதானே, ஆஸ்பத்திரி செலவு மிச்சம்" என்று பின்னாலிருந்து எவனோ சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஆக, மேடு கட்டாயம் வேண்டும். அவரவர் வாசலுக்கு எதிரே மட்டும் வேண்டாம். பேசிப் பேசி டீ தீர்ந்து, கடைசியில் எல்லார் கண்ணும் ஒரே ஆள் மேல் விழுந்தது. சின்னையன் வீட்டு வாசலில்தான் பெண்கள் தண்ணீருக்குக் குறுக்கே போகிறார்கள். அவனுக்கு வண்டி கிடையாது, வைக்கோல் கிடையாது, பானை கிடையாது.

"நம்ம சின்னையன் மச்சான் வூட்டாண்ட போட்டா யாருக்கும் பேஜாரு இல்ல" என்று அருணகிரி முடித்து வைத்தான். வேண்டா முதல் ஆளாகத் தலையை ஆட்டினாள். சின்னையன் பேச வாயைத் திறப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

மறுநாள் பெண்கள் ஏரியிலிருந்து களிமண் சுமந்துவந்து, சின்னையன் மைலின் மற்றக் கோடியில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, அழகாக ஒரு மேடு கட்டிவிட்டார்கள். மாசிலாமணி வழக்கம்போல வந்தான். பஸ் ஒரு குதி குதித்தது. உள்ளே இருந்தவர்களின் தலைகள் கூரையை விசாரித்துவிட்டு வந்தன. மேலே கட்டியிருந்த முருங்கைக்காய்க் கட்டு அவிழ்ந்து ரோடெல்லாம் சிதறியது. பயணிகள் காயைப் பொறுக்கி, டிரைவர் ஊரைத் திட்டி, ஊர் டிரைவரைத் திட்டி முடிவதற்குள் அன்றைய கழுகு சாப்பிட்டுவிட்டுப் பறந்துபோயிற்று. மாசிலாமணியின் பெருமையில் அன்றுதான் முதல் ஓட்டை.

அவன் சும்மா இருப்பானா? இலாகாவில் சொல்லிவிட்டான். ஓவர்சியர் ராஜகோபாலன் சைக்கிளில் விசாரணைக்கு வந்தார். பயந்த சுபாவம், இளகிய மனசு. மேடு இருக்கிறது என்று தெரிந்துதான் வந்தார்; இருந்தும் அதன் மேலேயே ஏறிவிட்டார். ஹாண்டில்பாரில் தொங்கிய கூஜாவிலிருந்த காப்பி வேட்டியில் பாதி, ரோட்டில் பாதி.

"என்னய்யா சின்னையா, ரோடு பார்த்துக்கறவன் வாசல்லயே மேடா? ஊர் சிரிக்காதா?" என்று வேட்டியை உதறினார். "மாசி கடைசியிலே பெரிய இஞ்சினியர் ஜீப்பிலே வரார். உன் பேரைப் பர்மனென்ட்டுக்குச் சிபாரிசு பண்ணியிருக்கேன். அவர் ஜீப் இந்த இடத்திலே ஒரு குலுக்கல் குலுங்கித்துன்னா, பர்மனென்ட் கிடக்கட்டும், இருக்கிற வேலையும் போயிடும். இன்னிக்கே வெட்டிப் போடு."

சின்னையன் வேட்டியை மடித்துக் கட்டினான். மண்வெட்டியை எடுத்தான். வேண்டா வாசலில் நின்று பார்த்தாள். மேட்டை வெட்டி, கூட்டி, தார் தெரியத் துடைத்தான். மறுநாள் அவன் மைலின் கோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் மேடு பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது.

அன்று தொடங்கியது அந்தக் கூத்து. காலையில் அவன் வெட்டுவான். அவன் தலை மறைந்ததும் அவள் கட்டுவாள். வெட்டுவதற்கு அவனுக்குச் சர்க்கார் சம்பளம் உண்டு. கட்டுவதற்கு அவளுக்கு ஒன்றும் கிடையாது. அதிலும் அவள் கட்டியது சர்க்கார் மண்வெட்டியால். அவன் வெட்டிவிட்டுச் சுவரில் சாய்த்துவைத்ததையே எடுத்துக்கொள்வாள். இத்தனைக்கும் வீட்டுக்குள் இதைப் பற்றி மூச்சுவிடமாட்டார்கள். அவள் கருவாட்டுக் குழம்பை நிறைய ஊற்றுவாள். அவன் நன்றாக இருக்கிறது என்பான். ரோட்டு விவகாரம் ரோட்டோடு.

ஊரார் ஒன்றைக் கவனிக்கவில்லை. கவனித்தவர்களும் வெளியே சொல்லவில்லை. முதல் நாள் வெட்டிய மண்ணைச் சின்னையன் ஏரிப்பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டினான். மறுநாள் அவள் புதிதாக மண் சுமந்து, சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்தான். அதற்கடுத்த நாளிலிருந்து வெட்டிய மண்ணை ரோட்டோரத்திலேயே, அவள் கைக்கு எட்டுகிற மாதிரி, குவியலாகக் குவித்து வைக்க ஆரம்பித்தான். சில நாள் தண்ணீர்கூடத் தெளித்து வைத்தான், குழைய வசதியாக இருக்கும் என்று. அவளும் அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவன் கேட்டது பர்மனென்ட். அவள் கேட்டது ரோட்டைப் பயமில்லாமல் தாண்டுவது. இரண்டு பேர் கேட்டதும் நியாயம், இரண்டும் ஒரே இடத்தில் நிற்க முடியவில்லை. அந்த வருத்தம் இரண்டு பேருக்குமே இருந்தது.

இஞ்சினியர் வருகிற நாள் நெருங்கியது. அதற்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பிட்ட கை காயுமுன்னே சின்னையன் வாயைத் திறந்துவிட்டான்.

"மே, நாளைக்கி ஒரு நாளு. ஒரே ஒரு நாளு மண்ணு போடாத. இத்தனை வருஷமா ஒரு வார்த்தைக்காகக் காத்துகினு கீறேன். நாளைக்கி குலுங்கிச்சின்னா நான் டெம்பரரியாக்கூட இருக்க மாட்டேன்."

அவன் குரல் கெஞ்சியது. அவன் கெஞ்சி அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. வேண்டா ஈயச் சட்டியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள்.

"நாளைக்கி ஒரு பிடி மண்ணு போட மாட்டேன். போதுமா? சாமி சத்தியமா."

சின்னையன் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை. பெண்டாட்டி ஒரு விஷயத்தை விட்டுக்கொடுத்தாள் என்றால் அடுத்து என்ன வரும் என்று யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் யாருக்குத்தான் யோசனை ஓடுகிறது?

விடிந்ததும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மைல் முழுவதையும் பார்த்தான். மேடு இருந்த இடத்தைக் கழுவியே விட்டான். துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு போய் மைல்கல் அருகே நின்றான். வெயில் ஏறிய பிறகுதான் ஜீப் வந்தது. முன்னால் டிரைவரும் இஞ்சினியரும். பின்னால் ராஜகோபாலன், கூஜாவை மடியில் அணைத்தபடி. சின்னையனையும் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள். ஜீப் எண்ணெயில் வழுக்குவது போல ஓடியது. இஞ்சினியர் தலையை ஆட்டினார். ராஜகோபாலன் சின்னையன் தொடையில் மெதுவாகத் தட்டினார். ஏரிக்கரை திரும்பியது. ஜீப் நின்றது.

அவன் வீட்டு வாசல் தொடங்கி அருணகிரி கடை வரைக்கும் தாரே தெரியவில்லை. ரோடு முழுக்கக் கொள்ளு! வேரோடு பிடுங்கிக் காயவைத்த கொள்ளுக் கொடி, கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. அப்பாசாமியின் கொள்ளு, கருப்பனின் கொள்ளு, ஊரில் விளைந்த அத்தனை கொள்ளும் அங்கேதான். பெண்கள் கோலால் புரட்டிக்கொண்டிருந்தார்கள். தார் ரோடு வந்ததிலிருந்து அக்கம்பக்கத்து ஊர்களில் இது சகஜம்தான். களத்தில் மாடு கட்டி மிதிப்பானேன், ரோட்டில் போட்டால் போகிற வண்டியே மிதித்துக் கொடுக்கிறது. புங்கம்பாக்கத்தில் மட்டும் சின்னையனுக்குப் பயந்து யாரும் போட்டதில்லை. எதிரே மாசிலாமணியின் பஸ் அதன் மேல் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. வேகமாகப் போனால் கொடி சக்கரத்துக்குள்ளே சுற்றி இழுத்துக்கொள்ளும். பாதி ரோட்டில் படுத்துக்கொண்டு கத்தியால் அறுத்து எடுக்க வேண்டியதுதான். அவன் தலையை வெளியே நீட்டிச் சக்கரத்தையே பார்த்தபடி வந்தான். அவனுக்கு முன்னால் வசந்தா, போன மாதம் பிறந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆடி அசைந்து ரோட்டைத் தாண்டினாள்.

"என்னய்யா இது?" என்றார் ராஜகோபாலன். சின்னையன் இறங்கி ஜீப்பின் பின்னால் ஒதுங்கினான். மண் போடமாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தாள்? ஒரு பிடி மண் இல்லைதான்.

இஞ்சினியர் இறங்கினார். "யார் இதை ரோட்டில் போட்டது?"

வேண்டா முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "நாங்கதாங்க சாமி. கொள்ளு."

"கொள்ளு அடிக்கக் களம் இல்லையா?"

"களம் கீதுங்க. களத்துல போட்டா கொள்ளோட கல்லும் மண்ணும் வருது. தின்னா பல்லு போவுது. இந்த ஆளு" என்று ஜீப்பின் பின்னால் பதுங்கியிருந்த புருஷனைக் காட்டினாள், "தேய்ச்சி வெச்சிகீற ரோட்டுல ஒரு கல்லு பேராது. காலையிலருந்து எத்தினி வண்டி ஏறியிருக்கும்! நீயே பாரு சாமி."

கொடியை விலக்கி, கீழே உதிர்ந்திருந்ததை அள்ளி, முறத்தில் நாலு தரம் புடைத்து நீட்டினாள். இஞ்சினியர் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பி விரலால் துழாவினார். தார் போட்டு ஒரு மழை பெய்ததும் ஜல்லி பெயர்ந்து போகிற ரோடுகளை அவர் மாவட்டம் முழுக்கப் பார்த்து நொந்தவர். கொள்ளில் ஒரு பொடிக்கல்கூட இல்லை. நாலு மணியை வாயில் போட்டு மென்றார். கடுக்கென்று எதுவும் கடிபடவில்லை.

"இந்த மைல் யார் பொறுப்பு?" என்றார். ராஜகோபாலன் சின்னையனின் முதுகைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

பர்மனென்ட் ஆயிற்று. அங்கேயே, நடுரோட்டில், கொள்ளு மேல் நின்றபடியே வாய்மொழியாகச் சொன்னார். கூடவே ஒன்றும் சொன்னார்: "அறுவடை என்பதால் விடுகிறேன். கொள்ளு முடிந்ததும் ரோட்டில் ஒரு துரும்பு கிடக்கக் கூடாது. ஆறு மாதம் பார்ப்போம். அதற்குள் தடங்கல் என்று உன் பேரில் ஒரு புகார் வந்தால் ஆர்டர் ரத்து."

அன்று மாலை சின்னையன் அடுப்படியில் போய் நின்றான். "மே, அந்த இஞ்சினியராண்ட ரோட்ட பத்தி சொன்னியே. எனக்காகச் சொன்னியா, கொள்ளுக்காகச் சொன்னியா?"

"கொள்ளுல கல்லு இல்ல. கீறத சொன்னேன்" என்றாள், திரும்பாமல்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவன் ரோட்டைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. பர்மனென்ட் ஆனதற்குக்கூட அவன் கண் கலங்கவில்லை, இதற்குக் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

காக்கிச் சட்டை வந்தது. பங்குனி வந்தது. கொள்ளு மூட்டையாகி அவரவர் வீட்டுக்குள் போயிற்று. கொடி மட்டும் போகவில்லை. பெண்கள் காலையில் அதே கொடியைக் கொண்டுவந்து பரப்புவார்கள், வெறுங்கொடியை மும்முரமாகப் புரட்டுவார்கள், சாயங்காலம் அள்ளிக்கொண்டு போவார்கள். பஸ் ஊர்ந்து போகும். தண்ணீர்க் குடங்கள் நிதானமாகத் தாண்டிப் போகும். சின்னையன் ஒன்றும் கேட்கவில்லை. தன் மைலில் மற்ற எந்த இடத்திலும் துரும்பு இல்லாமல் பார்த்துக்கொண்டான். வீட்டு வாசல் பக்கம் வரும்போது மட்டும் அவனுக்கு மரத்துச் சுண்ணாம்பைப் பார்க்கிற வேலை வந்துவிடும். பார்க்காதவரைக்கும் தெரியாது என்று சொல்லலாம் அல்லவா?

ஒரு நாள் அதற்கும் வழியில்லாமல் போயிற்று. மாசிலாமணி பஸ்ஸை நிறுத்தி இறங்கினான். உள்ளே இருந்து, "கழுகு போயிடும்பா!" என்று ஏழெட்டுக் குரல்கள். சின்னையன் அப்போதுதான் மண்வெட்டியும் கையுமாக அங்கே வந்திருந்தான்.

"அண்ணாத்த, நல்ல வேளை, நீயே கண்ணுல ஆம்ட்ட" என்றான் மாசிலாமணி. "சித்திரை பொறக்கப் போவுது. இன்னும் இன்னா கொள்ளு? நீ இப்ப பர்மனென்ட்டு ஆளு, காக்கி போட்டுகினு கீற. உன் வாயால சொல்லு. இதுல கொள்ளு கீதா, இல்லியா? இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு, நேரா ஓவர்சியராண்ட போய்ச் சொல்லிடறேன். இந்தப் பொம்பளைங்க கூத்து இன்னியோட முடியட்டும்."

இல்லை என்றால் ரோடு சுத்தமாகும், அவன் வேலையும் பத்திரமாக இருக்கும். உண்டு என்று சொல்லி, மாசிலாமணி அதை நம்பாமல் போய்ப் புகார் கொடுத்தால் காக்கிச் சட்டையைக் கழற்ற வேண்டியதுதான். பெண்கள் புரட்டுவதை நிறுத்திவிட்டார்கள். வசந்தா குழந்தையோடு ரோட்டோரத்தில் நின்றாள், தாண்டலாமா வேண்டாமா என்று தெரியாமல். வேண்டா புருஷனைப் பார்க்கவில்லை. அவனைத் தர்மசங்கடப்படுத்த வேண்டாம் என்று கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் அவனை என்னவோ செய்தது.

சின்னையன் குனிந்து ஒரு கொத்துக் கொடியை எடுத்தான். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கசக்கினான். தூசியை ஊதினான். உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. கையை மூடிக்கொண்டான்.

"கீது அண்ணாத்த" என்றான். "நல்லா முத்தின காயி, லேசுல உதிர மாட்டேங்குது. இன்னும் கொஞ்ச நாளு வண்டி ஏறணும். நீ பாத்து மெதுவாப் போ."

மாசிலாமணி மூடிய கையைப் பார்த்தான். காக்கிச் சட்டையைப் பார்த்தான். ஓரத்தில் குழந்தையோடு நின்ற வசந்தாவையும் பார்த்தான். மீசைக்குள் ஏதோ முணுமுணுத்தான். திட்டியது போலவும் இருந்தது, சிரித்தது போலவும் இருந்தது. "கவர்மெண்டு சொன்னா சரிதான்" என்று ஏறி உட்கார்ந்து, மாட்டு வண்டி வேகத்தில் பஸ்ஸை நகர்த்திக்கொண்டு போனான்.

பஸ் போன தடத்தில் கொடி விலகி, இரண்டு பட்டையாகத் தார் கறுப்பாகத் தெரிந்தது. சின்னையன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். பெண்டாட்டி கையிலிருந்த கோலை வாங்கி, பக்கத்துக் கொடியை இழுத்து, அந்தத் தாரை மூடினான்.

"இந்தாண்ட கொஞ்சம் தெரியுது" என்றாள் வேண்டா.

அதையும் மூடினான்.